இடது கைக்கு ஒரு முகம்

ஆயுதபூசைக்கு முந்தின நாள் கடைக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, பொட்டு வைத்து மறுபடி மாட்டுவது ஆறுமுகச்சாமியின் இருபத்தாறு வருடப் பழக்கம். சங்கரன்கோவிலில் திருவேங்கடம் சாலையில் இரண்டு நாற்காலி போட்ட சலூன் அவருடையது. கண்ணாடி ஐந்தடி இருக்கும். அந்த வருடம் மாட்டும்போது மேல் கொக்கி சுவரோடு பெயர்ந்து வந்தது. புத்தியுள்ளவன் விலகி ஓடியிருப்பான். ஆறுமுகச்சாமி கையை நீட்டிப் பிடித்தார். பூசை நேரத்தில் கண்ணாடி உடைந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவருக்கு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். கை போனால் ஆகுமா என்பதை யாரும் சொல்லி வைக்கவில்லை. கண்ணாடியும் உடைந்தது, வலது மணிக்கட்டும் எலும்பு தெரிய அறுந்தது.

பாளையங்கோட்டையில் தையல் போட்டு, இரண்டு மாதம் கட்டோடு வைத்திருந்து அவிழ்த்தார்கள். பார்வைக்குக் கை முழுசாகத்தான் இருந்தது. ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டதுபோல விலகியே நின்றன. சோற்றை ஒருமாதிரி அள்ளிவிடலாம். சட்டைப் பொத்தானுக்கு மனைவி மாடத்தி வரவேண்டும். கத்தியைப் பிடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதற்குள் கடையில் இரண்டாவது நாற்காலிக்காரன் முதல் நாற்காலிக்கு நகர்ந்திருந்தான். அவன் வேறு யாருமில்லை, மாடத்தியின் தம்பி இசக்கித்துரை. எட்டு வருடமாக அத்தானுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவன்.

"வெளிச்சம் இங்கனதான் நல்லா விழுது அத்தான்" என்றான். இத்தனை வருடம் வெளிச்சம் எங்கே விழுந்தது என்று ஆறுமுகச்சாமி கேட்கவில்லை. கடை பூட்டிக் கிடக்காமல் காப்பாற்றியவனிடம் அதையெல்லாம் கேட்க முடியாது.

இன்னொரு கைதான் இருக்கிறதே என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

இடது கையால் வழிக்கப் பழகுவது என்றால் கத்தியைக் கை மாற்றிப் பிடிப்பது மட்டுமில்லை. ஒரு கை கத்தி பிடித்தால் மற்ற கை தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். தோல் தளர்ந்திருந்தால் கத்தி முடியை விட்டுவிட்டுத் தோலைத் தின்னும். விரல் செத்த வலது கையால் இழுத்துப் பிடிக்க முடியாது. அதனால் புறங்கையைக் கன்னத்தில் அழுத்தித் தோலை மேலே தள்ளிக்கொள்ளப் பழகினார். பாதி பிளேடு சொருகுகிற கத்தி எடை இல்லாதது, பழகாத கையில் துள்ளும். ஆகவே பெட்டியிலிருந்து பழைய இரும்புக் கத்தியை எடுத்துத் தோல்வாரில் தீட்டிக்கொண்டார். அது தன் எடையிலேயே இறங்கும்.

முதலில் தடியங்காய் என்கிற சாம்பல் பூசணிக்காய். அதன் மேலிருக்கும் சாம்பலையும் சுணையையும் சோப்பு நுரை பூசி வழித்தார். பிறகு ஊதிய பலூன். ஒரு வாரம் பட்பட்டென்று வெடித்தது. பக்கத்து வீட்டில் தறி ஓட்டுகிறவர் தறியை நிறுத்திவிட்டு வந்து, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார். பிறகு தன் முழங்கால், பிறகு தன் முகம்.

முகத்தில் வேறொரு சங்கடம் இருந்தது. இருபத்தாறு வருடம் அடுத்தவன் முகத்தை நேராகப் பார்த்து வழித்தவர் அவர். கண்ணாடியில் தெரிகிற தன் முகத்தில் கை போகவேண்டிய பக்கம் போகாமல் எதிர்ப் பக்கம் போனது. முதல் மாதம் தாடையில் ஐந்து வெட்டு, மேலுதட்டில் இரண்டு.

"மூஞ்சியா இது? எலி கொறிச்ச பணியாரம் கணக்கா இருக்கு" என்று மாடத்தி மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள். "ஒழுங்கா ஒரு பெட்டிக்கடையப் போட்டு உக்காந்தா என்ன? இந்தக் கையி என்ன சாமி கொடுத்த வரமா?"

"ஏட்டி, எனக்கு வேற என்ன தெரியும் சொல்லு" என்றார். அவள் மஞ்சளைப் பூசிவிட்டு அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள்.

பங்குனி பிறந்தபோது ஆறுமுகச்சாமியின் முகத்தில் கீறல் விழுவது நின்றிருந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போய் இரண்டாவது நாற்காலிக்குப் பின்னால் நின்றார். முதலில் வந்தவர் சுயம்புலிங்கம் அண்ணாச்சி. பஜாரில் நூல் கடை வைத்திருப்பவர். வாரத்தில் இரண்டு நாள் தவறாமல் ஆறுமுகச்சாமியின் வலது கைக்கு முகத்தைக் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போகிறவர். குறட்டைகூட விடுவார்.

"வாங்கண்ணாச்சி, உக்காருங்க" என்று ஆறுமுகச்சாமி துண்டை உதறினார்.

அண்ணாச்சி துண்டைப் பார்த்தார், துண்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். "எந்தக் கைவே அது? காலையில கழுவுத கையிதான? அதால மூஞ்சியத் தடவச் சொல்லுதீரா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, விளையாட்டாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் போய் இசக்கித்துரையின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் சொன்னதையே ஊரும் பிடித்துக்கொண்டது. சிலர் கழுவுகிற கை என்றார்கள், சிலர் கழுத்தில் கத்தி வைக்கிற வேலையில் பழகிப் பார்க்க என் கழுத்துதானா கிடைத்தது என்றார்கள். சொல்லாதவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு இசக்கித்துரை ஓயும்வரை பெஞ்சில் காத்திருந்தார்கள். பக்கத்தில் நாற்காலி காலியாகக் கிடக்கும், அதன் பின்னால் ஒரு மனுஷன் துண்டோடு நிற்பார். அவமானம் என்றால் அதுதான்.

சித்திரையில் ஒரு எழவுச் சொல் வந்தது. குளிப்பாட்டுவதற்கு முன்னால் இறந்தவர் முகத்தை வழித்துவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். இசக்கித்துரைக்குக் கடையில் அன்று மூன்று கல்யாண மாப்பிள்ளைகள். "நீங்க போய்ட்டு வாங்க அத்தான்" என்றான்.

இறந்தவர் வேறு தெருவில் தறி ஓட்டியவர், அறுபது வயது. ஆறுமுகச்சாமி உட்கார்ந்து, நுரை பூசி, இடது கையில் கத்தியை எடுத்தார். எந்தக் கை என்று ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள், அல்லது பந்தல்காரனிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். தோல் குளிர்ந்து இறுகியிருந்தது, இழுத்துப் பிடிக்கவே தேவைப்படவில்லை. கத்தி ஒரு தடவைகூடத் தடுக்காமல் இறங்கியது. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் குளிக்கும்போது அவருக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. சாவு வீட்டுக்குப் போய்வந்து சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கப்பட்டார். ஆனாலும் சந்தோஷம்தான்.

இங்கேதான் அவர் தப்புக் கணக்குப் போட்டார். பழக்கத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது, இப்படிப் பத்துப் பேரை வழித்தால் கை படிந்துவிடும், கை படிந்துவிட்டது தெரிந்தால் ஊர் தன்னால் வந்து உட்காரும் என்று நினைத்தார். கை படிந்தது. அதில் ஒரு குறையுமில்லை. "ஆறுமுகம் வழிச்சா தூங்குத மாதிரில்லா இருக்கு" என்று எழவு வீடுகளில் பெயர் எடுத்தார். ஊருக்குள் யார் போனாலும் அவருக்குத்தான் போன் வந்தது. பந்தல்காரன் ஒருநாள் தன் செல்போனைக் காட்டினான். அதில் அவர் எண்ணை 'எழவு ஆறுமுகம்' என்று பதிந்து வைத்திருந்தான். அடையாளத்துக்காகப் போட்டது, வருத்தப்படாதீர்கள் என்றும் சொன்னான்.

வலது கை இருந்த காலத்திலும் அவர் எழவு வீடுகளுக்குப் போனவர்தான். காலையில் பிணத்துக்கு, குளித்துவிட்டு வந்து மத்தியானம் மாப்பிள்ளைக்கு என்று அந்தக் கை இரண்டையும் செய்தது, ஒருவரும் மூக்கைச் சுளித்ததில்லை. இடது கைக்கு அப்படி இல்லை. அது பிணத்தைத் தவிர வேறு யாரையும் தொட்டதில்லை. ஊருக்கு அது தெரியும். பையோடு தெருவில் நடந்தால் "யாரு வே போய்ட்டா?" என்று கேட்டார்கள். கடையில் சும்மா நாற்காலியைத் துடைத்தால்கூட, உட்காரவந்தவர் பெஞ்சுக்குத் திரும்பினார். கழுவுகிற கையாகவே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. கழுவுகிற கைக்குக் கழுவினால் தீரும்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடி, மறு ஆனி வந்தது. இசக்கித்துரை ஒருநாள் மெல்ல ஆரம்பித்தான்.

"அத்தான், கோயில்ல ஆடித்தபசுக்குக் கூட்டம் சாடும். ஒத்தையில சமாளிக்க முடியாது. ராயகிரியில இருந்து ஒருத்தன் அந்த நாற்காலியக் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"அது என் நாற்காலிலே தொர."

"உங்க நாற்காலிதான். இல்லங்கல. உசுரோட ஒரே ஒரு ஆளு உங்க இடது கைக்கு உக்காந்து, கீறல் இல்லாம எந்திரிச்சிப் போகட்டும். நானே நாலு பேருகிட்டச் சொல்லுவேன். ஒருத்தன் உக்காந்தாப் போதும், மத்தவன் தன்னால வருவான். தபசு வரைக்கும் பாப்போம். இல்லன்னா ராயகிரிக்காரன வரச் சொல்லிருதேன்."

நியாயமான பேச்சுதான். அதனாலேயே ஆறுமுகச்சாமிக்கு எரிச்சலாக இருந்தது. அந்த ஒரு ஆளைத் தேடி ஒரு மாதம் அலைந்தார். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய் "சும்மா ஒரு தடவ" என்று கேட்டார். ஒருவன் தாடி வளர்ப்பதாகச் சொன்னான், ஒருவன் மாலை போட்டிருப்பதாகச் சொன்னான். ஆனி மாதத்தில் எந்த மலைக்கு மாலை போட்டானோ.

தபசுக்கு ஆறு நாள் இருக்கும்போது காலை பத்து மணிக்கு போன் வந்தது. மெலிந்த குரல். "நான் சுயம்புலிங்கம் பேசுதேன். வீட்டுக்கு வந்து ஒரு ஷேவிங் பண்ணிட்டுப் போறீரா?"

அண்ணாச்சிக்கு ஈரலில் கேன்சர் என்று ஊருக்கே தெரியும். மதுரையில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதையெல்லாம் நினைக்க ஆறுமுகச்சாமிக்கு அப்போது நேரமில்லை. உயிரோடிருக்கிற ஒரு மனுஷன் தன் வாயாலேயே கூப்பிட்டிருக்கிறார். கடைக்கு ஓடிப்போய் இசக்கித்துரையிடம் சொன்னார். அவனுக்கும் முகம் மலர்ந்தது. "கீறல் இல்லாம முடிச்சிட்டு வாங்க அத்தான். ராயகிரிக்காரன வரண்டாம்னு இப்பவே சொல்லிருதேன்" என்றான்.

எழவு வீட்டுப் பையைத் தண்ணீர் விட்டு அலசிக் காயவைத்தார். புது பிளேடு, புது பிரஷ், புது வெள்ளைத் துண்டு, டெட்டால் எல்லாம் வாங்கி அடுக்கினார். இரும்புக் கத்தியைத் தொடவில்லை. உயிரோடிருப்பவருக்குப் பாதி பிளேடு சொருகுகிற கத்திதான் சரி என்று அதை எடுத்துக்கொண்டார். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்ட மாடத்தி, "பதறாம செய்ங்க" என்று மட்டும் சொன்னாள்.

வாசல் கேட்டைத் திறந்தவள் அண்ணாச்சியின் மனைவி பாலம்மாள். ஆறுமுகச்சாமியைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், வீடு அதிரக் கத்தினாள்.

"யாருய்யா உன்ன வரச் சொன்னது? உள்ள உசுரு இருக்குய்யா இன்னும்! நல்லாருப்பியா நீ? போய்யா வெளிய!"

உள்ளேயிருந்து, "நான்தாம்ட்டி வரச் சொன்னேன். விடு அவர" என்று குரல் வந்தது. அவள் விலகினாளே தவிர வழிவிட்டதாகச் சொல்ல முடியாது. அவளை உரசாமல் ஒதுங்கித்தான் ஆறுமுகச்சாமி உள்ளே போனார்.

அண்ணாச்சி கட்டிலில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். கண்ணெல்லாம் மஞ்சள். நாற்பது நாள் தாடி. ஆறுமுகச்சாமி வெந்நீரில் துணியை நனைத்து முகத்தில் ஒற்றினார். புறங்கை கன்னத்தில் பட்டதும் அவர் கையை இழுத்துக்கொண்டார். கன்னம் சூடாக இருந்தது. ஒரு வருடமாக அடுத்தவர் கன்னத்தில் சூட்டையே அவர் கை அறிந்ததில்லை. கண் கலங்கிவிட்டது. நுரையைக் கலக்குகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

கத்தி நன்றாகப் போனது. வலது கன்னம் முடிந்தது, இடது கன்னம் முடிந்தது, மீசையோரம் முடிந்தது. அண்ணாச்சி கண்ணை மூடியபடி, "கை நல்லாத்தான்வே போகுது" என்றார்.

"பழகிட்டு அண்ணாச்சி."

"எத்தன பேருக்குச் செஞ்சிருப்பீரு?"

"நாப்பது, நாப்பத்தஞ்சு இருக்கும்."

"ஒருத்தனாவது கொற சொன்னானா?" என்று கேட்டுவிட்டு அண்ணாச்சி சிரித்தார். சிரிப்பு இருமலாகி ஓய்ந்தது. பிறகு சொன்னார்: "எதுக்குக் கூப்பிட்டேன்னு நெனைக்கீரு? டாக்டரு பத்து நாளு சொன்னான், இன்னிக்கு எட்டாம் நாளு. அதுக்கப்புறம் எப்படியும் உமக்குத்தான் போன் பண்ணுவாவ. அந்தக் கை எப்படி இருக்கும்னு எனக்கு அப்பத் தெரியாதுல்லா? ஊரே நிக்கும்போது மூஞ்சியக் கொதறி வச்சிட்டீருன்னா? அதான், நெனவு இருக்கும்போதே ஒருதடவ பாத்துக்கிடுவோம்னு."

ஆறுமுகச்சாமி கத்தியைத் துண்டில் துடைத்தார். இதற்காகவா அந்தப் பையை அலசினோம் என்று நினைத்தார். அழுகை வரவில்லை, கோபம் வந்தது. பாதி வேலையோடு விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் எதற்காகக் கூப்பிட்டால் என்ன? மனுஷன் உயிரோடுதானே இருக்கிறார். கீறல் இல்லாமல் முடித்தால் நாற்காலி கிடைக்கும். இனி கழுத்துதான் மிச்சம்.

"கொஞ்சம் அண்ணாந்துக்கிடுங்க" என்றார். புறங்கையால் தாடையை மேலே தள்ளி, குரல்வளைக்குக் கீழே கத்தியை வைத்து மேலே இழுத்தார். அப்போது அண்ணாச்சி எச்சில் விழுங்கினார்.

கழுத்தில் கத்தி பட்டால் எந்த மனுஷனும் எச்சில் விழுங்குவான். குரல்வளை ஏறி இறங்கும். வலது கைக்கு அது தெரியும். யாரும் சொல்லாமலே மூச்சுப் பொழுது நின்று, இறங்கியபிறகு மேலே போகும். இடது கைக்குத் தெரியாது. தன் கழுத்து தன் சொல் கேட்கும், அது அறிந்த அடுத்தவர் கழுத்து ஒன்றுகூட அசைந்ததில்லை. ஏறிவந்த குரல்வளையின் மேல் கத்தி அப்படியே போனது.

வெள்ளை நுரையில் ரத்தம் இறங்கியது. ஆழமான வெட்டு இல்லை, நக நீளம்தான். ஆனால் ஈரல் கெட்டவருக்கு ரத்தம் லேசில் உறையாது. துண்டை வைத்து அழுத்தினார், துண்டு நனைந்தது. கடையில் கீறல் விழுந்தால் படிகாரக் கட்டியைத் தண்ணீரில் நனைத்து ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான் வேலை. சலூன்காரன் பையில் கத்தி இல்லாவிட்டாலும் படிகாரம் இருக்கும். ஆறுமுகச்சாமியின் கை பைக்குள் போய்த் துழாவியது. பிளேடு, பிரஷ், டெட்டால், சீப்பு. இன்னொரு தடவை துழாவியது.

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். "என்னவே தேடுதீரு? படிகாரமா?"

"ஆமாண்ணாச்சி."

"மறந்துட்டீரா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆறுமுகச்சாமிக்கு வாய் வரவில்லை. "மறக்கல அண்ணாச்சி. பையில அது வைக்கதே இல்ல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவுகளுக்குத் தேவப்படாதுல்லா" என்றார்.

அண்ணாச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குள் ரத்தத்தைப் பார்த்துவிட்ட பாலம்மாள் காபித்தூள் டப்பாவோடு ஓடிவந்து, ஆறுமுகச்சாமியை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். "செத்தபிறகு வாய்யா, செத்தபிறகு வா!" என்று கத்தினாள். அவர் கேட்டுக்கு வெளியே போய் நின்றார். ரத்தம் நின்றுவிட்டது என்று உள்ளேயிருந்து யாரோ சொல்லும்வரை, ஒரு மணி நேரம், வெயிலில் அப்படியே நின்றார்.

கடைக்குப் போனபோது இசக்கித்துரை பையைத்தான் பார்த்தான். பை வாயில் துண்டு சிவப்பாகத் தெரிந்துகொண்டிருந்தது. "ராயகிரிக்காரன வரச் சொல்லிருலே" என்று ஆறுமுகச்சாமியே சொன்னார். பிறகு இரண்டாவது நாற்காலியைத் துடைத்து, சாய்மானத் திருகை முடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

நாலாம் நாள் காலை ஏழு மணிக்குப் பாலம்மாளே போன் செய்தாள். அவர் போனபோது கேட் திறந்து கிடந்தது. வாசலில் நின்றவர்கள் "வழி விடுங்க, வழி விடுங்க" என்று விலகினார்கள். பாலம்மாள் தானே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

ஆறுமுகச்சாமி நுரை பூசிவிட்டு இரும்புக் கத்தியைப் பிரித்தார். கழுத்தில் அந்த நக நீளம் கறுத்துக் காய்ந்திருந்தது. பாலம்மாள் அதைப் பார்த்தாள்.

"ஏ ஆறுமுகம்" என்றாள். "அன்னிக்கு மாதிரி கீறிராதய்யா."

"இனிக் கீறாதுக்கா" என்றார்.